நோய் தீர்க்கும் மருந்தும் குடலின் காவலும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் உறுப்புகளாக வள்ளுவர் அங்கே காண்கிறார். இந்நான்கில் ஒன்று பிழைத்தாலும் நலம் கெடும். மருத்துவமனையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டபின் தோன்றும் ஒருவகைக் குடல்நோய் இதற்குத் தக்க சான்றாகும். மருந்துக்கடைகளில் 'ஆன்டிபயாடிக்' என வழங்கப்பெறுவதே நுண்ணுயிர்க்கொல்லி.

முத்துக்குளித்துறையின் ஏழு பேரூர்களுள் ஒன்று வேம்பார். கடல்தொழிலும் பனைத்தொழிலும் செய்து வாழும் இவ்வூரார், அறுவை மருத்துவம் போன்ற பெரிய தேவைகளுக்குத் தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ செல்கின்றனர். இவ்வாறு சென்று வீடு திரும்பிய முதியவருக்குச் சில நாட்களில் நீராகப் பேதி கண்டால், 'வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது எவ்வூரிலும் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தில் மறைந்திருக்கும் இடரை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடலின் காவலர்

நம் பெருங்குடலில் பல இலட்சம் கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. உணவிலுள்ள நார்ப்பொருளைச் சிதைத்து உடலுக்கு உதவுபவை. படகுகள் நெருங்கி நிற்கும் துறையில் அயற்படகு ஒதுங்க இடமிராது. அதுபோல, இவை நிறைந்திருக்கும்வரை தீய கிருமிகள் எளிதில் இடம்பிடிக்க இயலாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ பகை எது, நட்பு எது எனப் பிரித்தறியாது. நுரையீரலிலோ சிறுநீர்ப்பாதையிலோ உள்ள கிருமியை அழிக்க உட்கொண்ட மருந்து, குடலின் நல்லுயிர்களையும் சேர்த்தே அழிக்கிறது. அவ்வாறு வெறுமையான துறையில் வந்து தங்கிப் பெருகுவதே 'கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்னும் கிருமி.

1935ஆம் ஆண்டில் ஹால், ஓடூல் என்னும் அறிஞர் இருவர் பிறந்த குழந்தைகளின் மலத்தில் இதனைக் கண்டறிந்தனர். ஆய்வகத்தில் வளர்ப்பது அரிதாயிருந்தமையால் 'கடினமானது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையே பெயராக இட்டனர். பச்சிளங் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத இக்கிருமியே, நுண்ணுயிர்க்கொல்லி உண்டோருக்கு வரும் கடும் பெருங்குடல் அழற்சிக்குக் காரணம் என்பது 1978இல் புலனாயிற்று. இது வெளியிடும் நச்சுகள் குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. நாளொன்றுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ நீர்ப்பேதி, வயிற்றுவலி, காய்ச்சல் ஆகியன இதன் அறிகுறிகள். நோய் முற்றினால் குடல் வீங்கி உயிருக்கே ஊறு நேரும். 65 வயது கடந்தோரையும், மருத்துவமனையில் நெடுநாள் தங்கியோரையும் இது மிகுதியாகத் தாக்குகிறது. மருந்தை நிறுத்திச் சில வாரங்கள், ஏன், மூன்று மாதங்கள் சென்றபின்னும் தோன்றக்கூடும்.

பரவும் வழி

உடலை விட்டு வெளியேறிய கிருமி, இறுக மூடிய சிப்பியைப் போல் தடித்த உறையினுள் ஒடுங்கி வித்தாகிறது. கட்டிற்கம்பியிலும் கதவுப்பிடியிலும் கழிப்பறையிலும் அது பல மாதங்கள் அழியாதிருக்கும். கொரோனாக் காலத்தில் நாம் பழகிய ஆல்கஹால் கலந்த சானிடைசர் இவ்வித்தைக் கொல்வதில்லை. சோப்பிட்டு, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதே கையினின்று அதனை அகற்றும் வழி. கழிப்பறைக்கும் தரைக்கும் குளோரின் கலந்த கரைசல் வேண்டும். நோயாளியை நலம் விசாரிக்கக் கூட்டமாகச் சென்று கட்டிலில் அமர்வது அன்பின் அடையாளமே. ஆயினும் அது கிருமிக்கும் வழித்துணையாகிவிடும்.

தீர்வு

மலத்தைச் சோதித்து நோயை உறுதி செய்தபின், இயலுமாயின் முன்னர்க் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லியை மருத்துவர் நிறுத்துவார். வான்கோமைசின் போன்ற மருந்தை வாய்வழி கொடுப்பார். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நோய் மீண்டும் வருவதுண்டு. அத்தகையோரிடம் நெதர்லாந்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. நலமுள்ளவரின் மலத்திலிருந்து பெற்ற நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தியபோது 16 பேரில் 13 பேர் முதன்முறையிலேயே குணமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தோர் நால்வரே. அருவருப்பாகத் தோன்றும் இம்மருத்துவம், குடலின் காவலர் யார் என்பதைத் தெளிவாக்கியது.

நம் நாட்டு முயற்சிகள்

நுண்ணுயிர்க்கொல்லிகளை வரைமுறையின்றி வழங்குவதால் விளையும் மற்றொரு கேடு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது. இதனைத் தடுக்க, 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் பலவும் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' கண்டன. அதனை ஒருங்கிணைத்தவர் சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கபூர். 2014 மார்ச் முதல், வீரியமிக்க நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்றும், விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றும் நடுவண் அரசின் விதி கட்டளையிடுகிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. வாங்குவோரும் அதனை மதித்தல் வேண்டும்.

நம் கடமை

நுண்ணுயிர்க்கொல்லி எண்ணற்ற உயிர்களைக் காத்த அருமருந்து. அதனை அஞ்சி ஒதுக்குவதும், மருத்துவர் சொல்லாமல் இடையில் நிறுத்துவதும் பிழை. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் தாமே வாங்கி விழுங்குவதும் பிழையே. மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்குப் பேதி கண்டால், பேதியை அடக்கும் மாத்திரையைத் தாமாகக் கொடுத்தல் ஆகாது. உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பருகச் செய்து, அவர் உண்ட மருந்துகளின் சீட்டோடு அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். மாணவச் செல்வங்கள் இச்செய்தியைத் தம் வீட்டுப் பெரியோர்க்கு எடுத்துரைப்பாராயின், கற்ற கல்வி ஓர் உயிரையேனும் காக்கும்.