மலைமேல் முதலீடு – 7: சனிக்கிழமை அறையும் ஏப்ரல் தண்ணீரும்

கோவாவின் சூதாட்ட விடுதிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் 1992-இல் செய்த திருத்தம், ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களுக்கு வழிவிட்டது. அறை வாடகையில் விட்டதை ஆட்டக்கூடத்தில் பிடித்துவிடலாம் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கையில் அதற்கு இடமில்லை. ஏற்காட்டில் விடுதி நடத்துகிறவர் குளிரையும் காட்சியையும் காபித் தோட்டத்து நிழலையும் விற்றுத்தான் முதலை மீட்க வேண்டும்.

அது எளிதல்ல. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஊர் வந்துவிடும். காலையில் வந்தவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பார்த்து, மாலையே இறங்கிவிடலாம். தங்குகிறவர்களும் சனிக்கிழமைக்குத்தான் அலைமோதுகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடந்த அறையைப் பிறகு யாருக்கும் விற்க முடியாது. ஆனால் அன்றைக்கும் சம்பளம் உண்டு, வங்கி வட்டி உண்டு.

இதற்கு ஒரு வழி கண்டது, 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் விடுமுறை விடுதி நிறுவனம். வருடத்துக்கு ஒரு வாரம் என்று பல வருட விடுமுறையை முன்கூட்டியே விற்றது. உறுப்பினர் வந்தாலும் வராவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். 2014-இல் தாமஸ் குக் இந்தியாவின் கைக்குப் போன அந்த நிறுவனத்துக்கு ஏற்காட்டிலும் விடுதி இருக்கிறது.

இந்தக் கணக்குகளில் தண்ணீருக்கு மட்டும் பத்தியே கிடையாது.

ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூர் அருவியில் நீர் விழும். உயரம் ஏறக்குறைய 300 அடி. கோடை மழை பிந்திய வருடங்களில் அங்கே வெறும் பாறைதான். விடுதி வாடகை உச்சத்தில் இருப்பதும், கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறுவதும் அதே பருவத்தில்தான். ஒவ்வொரு புது அறையும் குளியல், சலவை, புல்வெளி என்று நீரைக் கேட்கிறது. அறையிலிருந்து வெளியேறும் கழிவுநீரும் சரிவு பார்த்துத்தான் ஓடும். ஏரியில் கலப்பது எதுவானாலும் கிளியூர்ப் பள்ளத்தாக்கில் இறங்கும்.

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி, மர நிழலில் வளர்வது. அங்கே உதிரும் சருகு மழையை மண்ணுக்குள் இறக்குகிறது. சரிவை வெட்டிச் சமன்செய்து வில்லா கட்டிய இடத்தில் அந்த மழை நிற்காமல் ஓடிவிடுகிறது. தோட்டம் மனையாகும்போது நாம் இழப்பதில் பெரியது இதுதான் என்பேன்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் கொண்டுவரச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொன்னது. அந்த மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயவும் வைத்தது. அந்த உத்தரவில் ஏற்காடு இல்லை. இங்கே எத்தனை அறைகள் இருக்கலாம் என்பதைச் சனிக்கிழமைக் கூட்டத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது; ஏப்ரல் மாத நீர் இருப்பை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏற்காட்டில் அறை பதிவு செய்யும் முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று அந்த விடுதியில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் தங்காதீர்கள்.