வரிவீதமும் வரித்தளமும்: இலங்கையின் 2019 வரிக்குறைப்பை முன்வைத்து

வரியைக் குறைத்தால் நுகர்வும் முதலீடும் பெருகும், பெருகிய உற்பத்தியிலிருந்து இழந்த வருவாய் மீளும் என்பது வளர்ச்சியை நோக்கிய நிதிக்கொள்கையில் நன்கறியப்பட்ட வாதமாகும். 2019 நவம்பர் இறுதியில் இலங்கை அரசு அறிவித்த வரிக்குறைப்பு இவ்வாதத்தையே அடிப்படையாகக் கொண்டது. அதன் தோல்வி பெரிதும் வீதக் குறைப்பின் தோல்வியாகவே பேசப்படுகிறது. வீதம் தாழ்ந்ததைவிட வரித்தளம் சுருங்கியதே நீடித்த கேட்டை விளைவித்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது பலரும் அறிந்ததே. அதனுடன், அவ்வரிக்குப் பதிவு செய்வதற்கான ஆண்டு விற்பனை வரம்பு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடி ரூபாயாக, அதாவது 25 மடங்காக, உயர்த்தப்பட்டது. ஊதியத்திலிருந்து வேலை வழங்குநர் கட்டாயமாகப் பிடித்துச் செலுத்தும் முறையும் கைவிடப்பட்டு, பின்னர் பணியாளரின் இசைவுக்கு விடப்பட்டது.

பெறுமதி சேர் வரி ஒரு சங்கிலி போன்றது. வாங்குபவர் தாம் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளக் காட்டும் பற்றுச்சீட்டே, விற்பவரின் விற்பனைக்குச் சான்றாகிறது. நடுத்தர வணிகர்கள் பதிவிலிருந்து விலகியபோது வருவாயுடன் இச்சான்றும் மறைந்தது. விலகியவர் கொள்முதலுக்குச் செலுத்திய வரியைக் கழிக்க இயலாமையால், அது விலைக்குள் ஒளிந்து நுகர்வோரிடமே சென்று சேர்ந்தது. வீதத்தை ஒரே அறிவிப்பால் உயர்த்திவிடலாம். கலைந்த பதிவேட்டை அவ்வாறு மீட்க முடியாது.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரிவருவாயின் பங்கு 2019இல் 11 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. 2020இல் அது ஏறத்தாழ 8 விழுக்காடாயிற்று. கொரோனாத் தொற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் 2021இல் பொருளாதாரம் மீண்டும் வளர்ந்தபோதும் இவ்விகிதம் மீளவில்லை என்பது கருதத்தக்கது. 2020இல் அரசு வருவாயில் 70 விழுக்காட்டுக்கும் மேல் வட்டிக்கே சென்றது. எஞ்சிய தொகை சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போதாத நிலையில், செலவினச் சீர்திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லாது போயிற்று. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது.

மீட்பின் போக்கும் இவ்வேறுபாட்டையே காட்டுகிறது. பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 விழுக்காடு எனப் பழைய அளவையும் கடந்தது. பதிவு வரம்போ 2024இலும் 6 கோடி ரூபாயாகவே இருந்தது. இடைக்கால விலையேற்றத்தைக் கணக்கிற்கொண்டாலும் இது பழைய வரம்பைவிட உயர்ந்ததே. தளம் குறுகியிருக்கையில் தேவையான தொகையை வீதத்தின் வழியே திரட்ட வேண்டியிருந்தது. அச்சுமை ஏழை நுகர்வோர்மீதும் விழுந்தது.

ஊதியப் பிடித்தம் 2023 ஜனவரியில் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 2019இல் 24 விழுக்காடாக இருந்த உச்ச வீதம் இம்முறை 36. அவ்வாண்டு மார்ச்சில் மருத்துவரும் பல்கலைக்கழக ஆசிரியரும் வங்கி ஊழியரும் இதனை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.