மூடித் திறந்தால் கணக்கு மாறுகிறதா?

கடைக்கென்று எழுதி வாங்கிய கணக்கு புரோகிராம் காலையில் வேகமாக ஓடும், மாலையில் நொண்டும். மூடித் திறந்தால் சரியாகிவிடும். உடனே கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள். டாட் நெட்டில் எழுதிய புரோகிராம் என்றால், 'கான்டெக்ஸ்ட்' மூடாமல் கிடக்கலாம்.

மைக்ரோசாப்ட்டின் என்டிட்டி பிரேம்வொர்க்கில் டேட்டாபேஸுடன் பேசுவது டிபி கான்டெக்ஸ்ட் என்னும் ஆப்ஜெக்ட், 2011-ல் வந்தது. படித்த பதிவுகளின் நகலைச் சாதாரணமாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நாள் முழுக்கத் திறந்திருந்தால் நகல்கள் பெருகி மெமரியை நிரப்பும்.

வேகம் குறைவதுகூடப் பரவாயில்லை. குளச்சலில் ஒரு மீன் கமிஷன் கடை, இரண்டு கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் வாங்கிய படகுக்காரரின் பாக்கி ரூ.20,000. முதல் கம்ப்யூட்டரில் 5,000 வரவு வைத்ததும் டேட்டாபேஸில் பாக்கி 15,000. இரண்டாவதில் காலையிலேயே அந்தக் கணக்கைப் படித்த கான்டெக்ஸ்ட், மறுபடி தேடினாலும் பழைய 20,000-ஐத்தான் காட்டும். அங்கே 3,000 வரவு வைத்தால் 17,000 என்று எழுதிவிடும். முதலில் கட்டிய 5,000 மாயம்!

ஒரு பில்லுக்கு ஒரு கான்டெக்ஸ்ட் போதும். சி ஷார்ப்பில் 'யூசிங்' போட்டு உருவாக்கினால், நடுவில் பிழை வந்தாலும் 'டிஸ்போஸ்' தானாக நடக்கும். வரிக்கு ஒன்று திறப்பவர்களும் உண்டு. பாதி பில் மட்டும் பதிவாகி நிற்கும், வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் பதிந்தால்? 'ரோ வெர்ஷன்' சோதனையும் சேர்த்திருந்தால், பழைய நகலிலிருந்து சேமிக்க வரும்போது பிழை காட்டி நிறுத்திவிடும்.

புரோகிராமர் அடுத்த முறை வரும்போது, இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே கணக்கைத் திறந்து, ஒன்றில் வரவு வைத்து, மற்றதில் மூடாமலே மறுபடி தேடிக் காட்டச் சொல்லுங்கள்.