வேற்றூர்ப் போரும் வீட்டுக் காவலும்

வன்னி நிலத்துக் கமக்காரன் யானையோடு வழக்காடி வாழ்பவன். அயலவன் வயலிலே யானை புகுந்ததென்று கூக்குரல் கேட்டால், பந்தத்தையும் யானைவெடியையும் எடுத்துக்கொண்டு அவனும் ஓடுவான். இன்று அங்கே துரத்தாவிடின் நாளை அது தன் வயலுக்கு வரும் என்பது அவன் கணக்கு. அக்கணக்குப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும், துரத்தப்பட்ட யானை எத்திசையில் திரும்பும் என்று எண்ணாது வெடி கொளுத்தியவனுடைய வயலே அன்றிரவு அழிந்துபோவதும் உண்டு.

நாடுகளுக்கிடையிலும் இவ்வழக்கே நிகழ்கின்றது. பயங்கரவாதத்தை அது தங்கியிருக்கும் இடத்துக்கே சென்று பொருதால், நம் நாடும் நட்பு நாடுகளும் தாக்குதலினின்றும் தப்பும் என்பது, 2001 செப்டெம்பர் 11க்குப் பின்னர் வல்லரசுகள் பல மேற்கொண்ட கொள்கை. அஃது எத்துணை மெய்யென ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் காட்டிலேயே அதற்குச் சான்று கிடக்கின்றது.

1987 யூலை 29ஆம் நாள், இந்தியப் பிரதமர் இராஜீவ் காந்தியும் இலங்கைச் சனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தஞ் செய்தனர். அமைதி காக்கவென்று வந்த இந்தியப் படை அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலேயே விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கிற்று. யாழ்ப்பாண நகர் படையினர் கைப்பட்டதும் போர்க்களம் வன்னிக்கு நகர்ந்தது. அளம்பில், நித்திகைக்குளம் முதலாய முல்லைத்தீவுக் காட்டுப் புறங்கள் அப்பெரும் படைக்கும் பிடிகொடாத களங்களாயின. 1990 மார்ச் 24ஆம் நாள் இறுதிப் பிரிவும் திருகோணமலையிற் கப்பலேறியபோது, ஏறத்தாழ 1,200 இந்திய வீரர் மாண்டிருந்தனர். இரு தீக்கிடையே அகப்பட்ட எறும்பு போல் வருந்தி மாண்ட குடிமக்களோ பலர்.

அப்போர் இந்தியாவுக்குக் காவலாயிற்றா? படை மீண்ட மூன்றாம் மாதத்தில், 1990 யூன் 19ஆம் நாள், இந்தியப் படையோடு நட்புப் பூண்டிருந்த ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் தோழர் பலரும் சென்னையிலேயே கொல்லப்பட்டனர். 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தியே கொலையுண்டார். அவ்வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1999 மே 11இல் தீர்ப்புரைத்தபோது, கொலைச் சதியை உறுதிசெய்ததாயினும், பயங்கரவாதச் சட்டத்தின் கீழான குற்றத் தீர்ப்பை நீக்கிற்று. படையனுப்பியதால் மூண்ட பகையே அக்கொலைக்கு வித்து. வேற்று நிலத்திற் செய்த போர் வீட்டு வாயிலுக்கு வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எனினும், இவ்வொரு சான்று கொண்டே முடிவு கூறிவிடுதல் நூலறிவுடையார்க்கு அழகன்று. படையனுப்புதற்கு மூன்றாண்டு முன்னரே, 1984 ஓகஸ்ட் 2ஆம் நாள், மீனம்பாக்கம் விமான நிலையத்திலே குண்டு வெடித்து ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். கொழும்புக்கென வைத்த பெட்டி அங்கேயே வெடித்தது. அக்காலத்து இந்தியா ஈழ இயக்கங்களோடு பொருத நாடன்று. அவற்றுக்குப் புகலளித்த நாடு. ஆதலின், பொருதாலும் தீங்கு வரும், புகல் கொடுத்தாலும் தீங்கு வரும் என்பது பெறப்படும்.

உலகச் செய்திகளும் இவ்வாறே இருபாற்படுகின்றன. ஈராக்குக்குப் படையனுப்பிய ஸ்பெயினிலே, 2004 மார்ச் 11ஆம் நாள் மட்ரிட் புகையிரதங்களில் 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்றாம் நாள் நடந்த தேர்தலில் வென்றோர் படையை மீட்பதாக உறுதி கூறியிருந்தனர். அவ்வாறிருந்தும் ஏப்பிரல் 2இல் வேறோர் இருப்புப்பாதையில் குண்டு கண்டெடுக்கப்பட்டது. 2005 யூலை 7ஆம் நாள் இலண்டனில் 52 பேர் கொல்லப்பட்டனர். மறுபுறம், ஆப்கானிஸ்தானத்துப் பயிற்சிப் பாசறைகள் 2001இல் அழிக்கப்பட்டபின், அமெரிக்க மண்ணில் முன்போன்ற பேரழிவு நிகழவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

இம்முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது? தாக்குவோனிடத்து ஆற்றல், சினம் என்னும் இரண்டுள. தொலைநிலத்துப் போர் அவனது ஆற்றலைக் குறைத்தல் கூடும்; அதே போர் அவனது சினத்தை வளர்த்தலும் கூடும். பெரும்படை திரட்டும் ஆற்றல் அழிந்தபின்னும், ஒரு பையளவு வெடிமருந்தும் வளர்ந்த சினமும் எஞ்சுமாயின், அவை ஒரு நகரைக் கலக்கப் போதும். வலியறிதல் கூறும் வள்ளுவர் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவலி என நான்கையும் தூக்கிச் செய்யச் சொன்னார். துணைவனுக்காகப் போர் தொடுப்போர் மாற்றானது படையை எண்ணுகின்றனர். அவனது சினத்தை எண்ண மறக்கின்றனர்.

இனி, துணைவலி என்பது படை ஒன்று மாத்திரமோ? 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நம் நாட்டில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இலங்கை ஈராக்கிலோ சிரியாவிலோ போர் செய்த நாடன்று. போர் செய்யாமையும் அதனைக் காக்கவில்லை. காத்திருக்கக் கூடியது வேறொன்று. இந்தியாவிலிருந்து அம்மாதம் 4ஆம் நாளே எச்சரிக்கை வந்தது. அதனைக் கேட்டு நடப்பார் இலர். முன்னாட் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன இழப்பீடாகப் பத்துக் கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2023 சனவரி 12இல் உயர் நீதிமன்றம் பணித்தது இக்கடமைத் தவறு கருதியே. 1987இல் நட்பு நாடு அனுப்பிய படையால் விளையாத நன்மை, 2019இல் அந்நாடு அனுப்பிய ஓர் ஓலையால் விளைந்திருக்கும்.

இவ்வாராய்ச்சியில் அரசியலார் எண்ணாது விடும் செலவொன்று உண்டு. இராஜீவ் காந்தி கொலையுண்டபின், தமிழகத்து முகாம்களில் இருந்த ஈழ அகதிகள் மீது ஐயம் படர்ந்தது. 1992 சனவரியிலிருந்து அவர்கள் திருப்பியனுப்பப்படலாயினர். கொன்றாரையும் அவர்கள் அறியார்; கொலையையும் வேண்டார். 2019இல் உயிர்த்த ஞாயிற்றின் பின்னர், நீர்கொழும்பில் அடைக்கலம் புகுந்திருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் இருந்த வீடுகளினின்றும் வெருட்டப்பட்டனர். பயங்கரவாதத்துக்கு அஞ்சியே தம் நாட்டைத் துறந்தவர் அவருட் பலர். அவர்களுள் ஒரு தொகையினர் வவுனியாப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர்.

பூந்தோட்டம் நம் மக்கள் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் முகாமிலிருந்த ஊர். அங்கே வந்திறங்கியவர்களைக் கண்டபோது, மண்டபத்துக் கரையில் ஒருகாலத்து இறங்கிய நம்மவரை நினையாதார் யார்? ஆதலின், வேற்றூர்ப் போர் வீட்டைக் காக்குமா என வினவுவோர், யாருடைய வீட்டை என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். யானை துரத்தப் போகும் கமக்காரனும், அது திரும்பும் வழியில் யாருடைய குடிசை இருக்கின்றது என்று பார்த்தே வெடி கொளுத்துதல் முறை.