உங்களுக்குத் தெரியுமா? பீறிடும் நீருக்கும் ஒரு கணக்கு உண்டு

கணினி அசைவூட்டப் படங்களில் குழாய் உடைந்து பீறிடும் நீர் பெரும்பாலும் கையால் வரையப்படுவதில்லை. பல இலட்சம் நுண்துகள்களின் இயக்கத்தைக் கணக்கிட்டு, அவற்றின்மேல் மெல்லிய தோல் போர்த்தியதுபோல் ஒரு பரப்பை அமைத்துப் பெறப்படும் உருவமே அது. இன்று பெரிதும் கையாளப்படும் 'ஃபிளிப்' முறை திரைக்கெனப் பிறந்ததன்று. 1986-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பிராக்பில், ரப்பல் ஆகியோர் பாய்பொருள் இயற்பியலுக்கென வகுத்த அதனை, 2005-இல் யோங்னிங் ஜூ, ராபர்ட் பிரிட்சன் இருவரும் அசைவூட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, அவர்தம் கட்டுரையின் தலைப்பே நீரையன்றி மணலைக் குறித்தது என்பது சுவையான செய்தி. இம்முறையில் வெளி சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, அழுத்தம் அக்கட்டங்களில் கணக்கிடப்படுகிறது. திசைவேகத்தையோ துகள்களே சுமந்து செல்வதால் நீரின் துள்ளல் மழுங்குவதில்லை.

ஆயினும் பீறிடும் நீருக்கே உரிய இடர் ஒன்றுண்டு. நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 ஒற்றைப் படங்கள், ஓடும் திரையில், நொடிக்கு 10 மீட்டர் விரையும் துகள் ஒரு சட்டகத்துக்குள் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் தாண்டிவிடுவதால், எதிரேயுள்ள கண்ணாடிக் குவளையின் சுவரைக் கணக்கு கவனிக்குமுன்பே அது மறுபுறம் சென்றிருக்கும். எனவே ஒவ்வொரு சட்டகத்தையும் 'உட்படிகள்' எனப்படும் சிறு காலக்கூறுகளாகப் பிரித்துக் கணக்கிட வேண்டியுள்ளது. கணினி மணிக்கணக்கில் உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டணமின்றிக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் ஃபிளிப் முறை, 2020-இல் வெளிவந்த 2.82 பதிப்பு முதல் இடம்பெற்றுள்ளது.