கூண்டுப் பறவையும் முட்டை அடைப்பும்

நம் ஊர்களில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரால் ஜோடி ஜோடியாக விற்கப்படும் சின்னஞ்சிறு கிளிகள், உண்மையில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிரதேசங்களைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜெரிகர் இனத்தைச் சேர்ந்தவை. பறவையியல் அறிஞர் ஜான் கூல்டு 1840-இல் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு, மெல்ல மெல்ல உலகமெங்கும் கூண்டுகளில் குடியேறிவிட்டன. சொந்த நாட்டில் மழை பெய்து, புல் கதிர் முற்றிய பின்னரே அவை மரப்பொந்து தேடி முட்டையிடும். மழை பொய்த்தாலோ கூட்டங்கூட்டமாக நீரை நாடி வேறிடம் போய்விடும். நாமோ கிண்ணம் நிறையத் தினையும், இரவு வெகுநேரம் வரை மின்விளக்கும், பொந்துக்கு ஈடாக ஒரு மண்பானையும் கொடுத்து, ஆண்டு முழுவதையும் அவற்றுக்கு மழைக்காலமாகவே ஆக்கிவிடுகிறோம். கூண்டில் வாழும் பெண் பறவைகள் படும் உபத்திரவங்களிற் பல இதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் துணிபு.

பெரும்பாலான பறவைகளுக்கு இடப்பக்கத்துச் சூற்பையும் அதைச் சேர்ந்த முட்டைக்குழாயும் மட்டுமே வளர்ந்து தொழில் புரிகின்றன. சூற்பையிலிருந்து விடுபட்ட மஞ்சள் கரு அக்குழாய் வழியே இறங்கும்போது, முதலில் வெண்கருவையும் பிறகு மெல்லிய சவ்வையும் பெற்று, முடிவில் ஓடு கட்டும் அறையை அடைகிறது. கோழிக்கு ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறதென்றால், அதில் சுமார் 20 மணி நேரம் இந்த அறையிலேயே கழிகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து முழுவதும் அன்றன்றைய இரையில் கிடைத்துவிடாது என்பதை முன்னறிந்தாற்போல, முட்டையிடும் காலம் நெருங்கும்போதே பெண் பறவையின் நீண்ட எலும்புகளின் உட்குழியில் புதியதோர் எலும்பு சேமிப்பாக வளர்ந்து, ஓடு கட்டும் வேளையில் கரைந்து, இரத்தத்தின் வழியே முட்டையைச் சென்று சேருகிறது. படைப்பின் அற்புதங்களில் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து முட்டைகளை இட்டு, மூச்சு விடுமுன் அடுத்த ஈட்டுக்கும் ஆயத்தமாகும் பறவைக்கு இந்தச் சேமிப்பு எம்மட்டும்? தானியத்தில் சுண்ணாம்புச் சத்து மிக அற்பம். அதை உடல் ஏற்பதற்கு வைட்டமின் டி வேண்டும். அதை உண்டாக்கும் சூரிய கிரணங்களோ ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை.

தசை சுருங்குவதற்கும் அதே சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. அது குன்றியபோது குழாயின் தசை முட்டையை வெளித்தள்ள வலுவிழந்துவிட, முட்டை வழியிலேயே தங்கிவிடுகிறது. நேற்றுவரை கம்பியில் தொற்றி விளையாடிய பறவை, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் ஒடுங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆட, முக்கி முக்கிப் பார்க்கும். முட்டை நரம்பை அழுத்தினால் கால்களும் துவண்டுபோகும். இந்நிலையில் எண்ணெய் தடவி வயிற்றை அமுக்குவது மகா அபாயம். முட்டை உள்ளேயே உடையலாம், குழாய் வெளியே பிதுங்கிவிடலாம். 30 டிகிரி அளவு வெதுவெதுப்பான இடத்தில் பறவையை வைத்து, அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவர் கால்சியம் ஊசி போடுவார். அதற்கும் இணங்காவிட்டால், முட்டைக்குள் ஊசி செலுத்திக் கருவை உறிஞ்சி, ஓட்டைச் சுருங்கச் செய்து எடுப்பதும் உண்டு.

வருமுன் காக்கும் உபாயங்கள் எளியவை: நம் கடற்கரைகளில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துக் கூண்டில் கட்டுவது, முருங்கைக்கீரை கொடுப்பது, நிழலும் ஒருபுறம் இருக்கும்படி காலை வெயிலில் வைப்பது, இரண்டு ஈடு முடிந்ததும் பானையை அகற்றிவிடுவது.

ஆண் துணையின்றியே ஓயாமல் முட்டையிடும் பறவைகளும் உண்டு. கொண்டையுடைய காக்டீல் இனத்தில் இது சாதாரணம். குஞ்சு பொரியாத முட்டைதானே என்று உடனுக்குடன் எடுத்தெறிந்தால், இழந்ததை ஈடுசெய்ய அது மேலும் மேலும் இடும். ஆகையால் விளக்கை அந்தியிலேயே அணைத்து, கூண்டிலுள்ள முகம்பார்க்கும் கண்ணாடியையும் முதுகைத் தடவும் வழக்கத்தையும் விலக்கி, அம்முட்டைகளைத் தானாகவே சலித்துக் கைவிடும்வரை அதனிடமே விட்டுவைக்க வேண்டும்.