வாடையும் பட்டமும் பேரப்பிள்ளையும்

மார்கழி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்துச் சிறுவர்களின் கண்கள் வானத்தை நாடிவிடுகின்றன. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியைக் காண மக்கள் திரள்வதை நாம் அறிவோம். ஆயினும், பட்டத்தினால் ஒரு குடும்பம் பெறும் பெரும்பயன் போட்டியில் இல்லை. பாட்டனாரும் பேரப்பிள்ளையும் முற்றத்தில் அமர்ந்து அதனைக் கட்டும் வேளையிலேயே அது கிடைக்கிறது.

கடையிற் பட்டம் வாங்கிக் கொடுப்பது எளிது. ஆனால், வாங்கிய பட்டம் அறுந்தாற் பிள்ளை அழும். தானே கட்டிய பட்டம் அறுந்தாலோ, மற்றொன்று கட்ட முனையும்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு நாலுமூலைப் பட்டமே ஏற்றது. கொக்கும் பிராந்தும் பின்னர் வரட்டும். காற்றில் அதிர்ந்து ஊரெங்கும் ஒலிக்கும் விண் பூட்டிய பெரும்பட்டம் அதற்கும் பின்னரே. மூங்கிலைப் பிளந்து சீவுவது முதியவரின் வேலை. தாள் வெட்டுதல், மாப்பசை பூசுதல், வால் தொடுத்தல் என்பவற்றைப் பிள்ளையிடமே விட்டுவிடுதல் வேண்டும். ஒட்டிய இடம் சற்றுச் சுருங்கினும் திருத்த முற்படலாகாது.

பட்டத்தின் உயிர்நிலை முச்சையாகும். மேல்நூல் அளவுக்கு மிஞ்சி நீண்டால், பட்டம் நிமிர்ந்து நின்று எழமாட்டாது தத்தளிக்கும். மிகக் குறுகினால், காற்றுப் பிடிக்காது படபடக்கும். ஒரு விரற்கடை கூட்டியும் குறைத்தும் பார்க்கும்படி பிள்ளையைத் தூண்டுங்கள். பட்டம் சுழன்றடித்தால் வாலை நீட்டச் சொல்லுங்கள். காரணத்தையும் காரியத்தையும் பிள்ளை கண்முன்னே காணும் பாடம் இதுவன்றோ! றைட் சகோதரர்கள் 1899இல் தம் விமானச் சிறகின் தத்துவத்தைப் பட்டமொன்றிலேயே சோதித்தனர். 1901இல் அட்லாந்திக் கடலைக் கடந்து வந்த வானொலிச் சைகையைப் பெறுவதற்கு மார்க்கோனி பட்டத்திலேயே கம்பியை உயர்த்தினார். நூல் பிடித்திருக்கும் மாணவர்க்கு இவற்றைச் சொன்னால் மறவார்.

எச்சரிக்கையும் வேண்டும். மின்கம்பி செல்லும் இடத்திலும் வீதியோரத்திலும் பட்டம் ஏற்றலாகாது. கம்பியிற் சிக்கிய பட்டத்தை எடுக்க ஒருபோதும் முயலலாகாது. இடி முழங்கினால் நூலை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். பெரும்பட்டத்தின் வலிமையையும் குறைவாக எண்ணுதல் தகாது. 2021 டிசம்பரிற் பருத்தித்துறைப் பகுதியில் அத்தகைய பட்டமொன்று ஓர் ஆளையே மேலே தூக்கிச் சென்றதைப் பலரும் அறிவர்.

முச்சை கட்டும் நுட்பத்தை எழுத்தில் முழுதும் அடக்கிவிட இயலாது. அது கையிலிருந்து கைக்குச் செல்வது. பிள்ளைகள் பலர் வெளியூர்களிலும் பிறநாடுகளிலும் வளரும் இக்காலத்தில், பாட்டனாரின் கையும் பேரப்பிள்ளையின் கையும் ஒரே நூலைப் பற்றும் நாட்கள் சிலவே. இவ்வாண்டு தவறினால் அடுத்த வாடை வரும். ஆனால் அதற்குள் பிள்ளை ஒரு வயது வளர்ந்துவிடும், முதியவருக்கும் ஒரு வயது ஏறிவிடும். ஆகவே, மூங்கிலை இன்றே வெட்டி வையுங்கள்.